ஒஸ்லோவில் எழுதிய மூன்றாந் தடவை

1

சென்ற மாதம் என் மகள் ஆரபிக்குப் பதினெட்டு வயதானது. கேக் வெட்டி முடிந்த இரண்டாம் நாள் அவளுடைய பாடசாலையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் மகள் இப்போது சட்டப்படி வளர்ந்தவர். ஆகவே இனிமேல் அவருடைய புள்ளிகள், வரவு, நடத்தை பற்றி உங்களுக்கு எதுவும் அறிவிக்கப்படமாட்டாது. இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி.

வேலையிலிருந்து ஒருவரை நிறுத்தும்போதுகூட இவ்வளவு பண்பாக எழுதமாட்டார்கள்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நான் படித்த காலத்தில் என் புள்ளிகள் அப்பாவுக்குத் தெரியவருமுன்பே பாண் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். அவர் மாவைத் தட்டிக்கொண்டே, "கணக்கில முப்பத்தெட்டாமே தம்பி" என்று துக்கம் விசாரிப்பார். அப்படியான ஊரிலிருந்து வந்தவனுக்கு, சொந்த மகளின் புள்ளி அரச இரகசியம் என்றால் எப்படி இருக்கும்? பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். இத்தனை வருடமாகியும் பதற்றம் வந்தால் என் நோர்வேஜியன் மொழியில் வினைச்சொற்கள் ஒன்றும் நிற்பதில்லை. "என் மகள், பௌதிகம், நல்லம், நல்லமில்லை?" என்ற அளவில் கேட்டு முடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இதை உங்கள் மகளிடமே கேட்கலாமே என்றாள்.

எனக்கு அப்படி ஒரு வழி இருப்பது தோன்றவே இல்லை.

2

கேட்டேன். இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். ஆரபி புட்டைப் பிசைந்தபடி, முழுநாள் பரீட்சையில் பௌதிகத்துக்கு இரண்டு என்றாள்.

இங்கே ஆறு என்றால் உச்சம். ஒன்று என்றால் தோல்வி. இரண்டு என்றால், கதவிடுக்கில் சட்டை மாட்டிக்கொண்டாலும் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போன வருடம்வரை நாலுக்குக் கீழே போகாத பிள்ளை. எட்டு வயதிலேயே எஞ்சினியர் ஆவேன் என்று சொல்லி என் கைவானொலியைக் கழற்றியவள். அதைத் திரும்பப் பூட்டவில்லை என்பது வேறு விஷயம்.

"நான் பிசிக்ஸை விடப்போறன் அப்பா," என்றாள். "படிவம் நிரப்பிட்டன். வாற வெள்ளி மூன்று மணிக்கு முதல் அனுப்பவேணும். எனக்கு மூளை இல்லை. அவ்வளவுதான்."

பௌதிகம் இல்லாமல் பொறியியல் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அந்த இடத்தில் அறிவுள்ள ஒரு தகப்பன் என்ன செய்திருப்பான் என்று பிறகு நிறைய யோசித்தேன். நான் செய்தது இது: சிரித்தேன். சிரித்துவிட்டு, அந்தச் சோதனையில் இரண்டு எடுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்றேன்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அந்தச் சோதனைக்குப் புத்தகம் கொண்டுபோகலாம். கொப்பி கொண்டுபோகலாம். சூத்திரங்களை அவர்களே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஐந்து மணித்தியாலம் என்பதால் சாப்பாடும் கொண்டுபோகலாம். அன்றைக்கு என் மகள் சாப்பாட்டுப் பெட்டியில் கரட் வெட்டிக்கொண்டு போனாள். நாங்கள் எழுதிய மண்டபத்தில் எச்சில் விழுங்கினாலே மேற்பார்வையாளர் திரும்பிப் பார்ப்பார். இங்கே ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முயல்களைப்போலக் கரட் கடிக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். எங்கள் காலத்தில் இரண்டு மணித்தியாலத்தில் அறுபது பல்தேர்வு வினா என்றேன். கல்குலேட்டர் கிடையாது, மடக்கை வாய்பாடுதான் என்றேன். மின்சாரம் இல்லாத நாட்களில் மெழுகுதிரி என்றேன். போரும் பேப்பரும் ஒன்றாக நடந்தன என்றேன். என் குரல் எனக்கே இனிமையாக இருந்தது.

ஆரபி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீங்க எத்தினை எடுத்தனீங்கள்?"

என் மனைவி சுகந்தி ரசத்தைக் குனிந்து குடித்தாள். அவளும் நானும் வெள்ளவத்தையில் ஒரே ரியூசன் வகுப்பில் படித்தவர்கள். அவள் கிருலப்பனையிலிருந்து வந்து முன்வாங்கில் இருப்பாள். என் ரிசல்ட்டை இந்த உலகில் சரியாக அறிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

"நல்லாத்தான் செய்தனான்," என்றேன்.

"அப்ப ஒருக்கா என்ர பேப்பரைச் செய்து காட்டுங்கோ. இரண்டுக்கு மேல எடுத்தா நான் பிசிக்ஸை விடமாட்டன். குறைய எடுத்தா, 'எங்கட காலத்தில' எண்டு இனி வாழ்நாளில வாய் திறக்கக்கூடாது."

சுகந்தி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "ஞாயிற்றுக்கிழமை வசதி," என்றாள். "நான் கரட் வெட்டித் தாறன்."

3

எங்கள் காலத்தில் என்று நான் சொன்னதுபோல, என் அப்பாவுக்கும் ஒரு காலம் இருந்தது. அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் எழுதுவினைஞர். நான் தமிழில் பௌதிகம் படிப்பதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவருடைய காலத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில். எல்லாம் எழுதுவது. கட்டத்தில் புள்ளடி போடுவதெல்லாம் சோதனையா, அது வாக்குச்சீட்டு என்பார். ரியூசனில் படிப்பித்த சேருக்கும் இதே எண்ணம். ஒவ்வொரு வருடமும் பேப்பர் வெளியானதும் பார்த்துவிட்டு, இந்த வருடம்போல இலகுவான பேப்பர் வந்ததே இல்லை என்பார். வகுப்பில் பாதிப்பேர் எல்லா வருடமும் அந்த இலகுவான பேப்பரில் தவறினோம்.

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள்தான் தோற்றலாம். அதுதான் சட்டம். அதனால் கொழும்பில் ஒருவனைக் கண்டால் என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை, எத்தனையாந் தடவை என்றுதான் கேட்பார்கள். முதலாந் தடவைக்காரன் சந்தியில் நிமிர்ந்து நிற்பான். இரண்டாந் தடவைக்காரன் கொஞ்சம் சாய்ந்து நிற்பான். மூன்றாந் தடவைக்காரன் சந்திக்கே வரமாட்டான்.

என் தயாரிப்பில் ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பேனாவைக் கொண்டுபோய் வைத்து எடுப்பேன். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவில். கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். நான் எந்தப் பக்கத்தையும் காவல் இல்லாமல் விடவில்லை. படிப்பதுதான் கொஞ்சம் குறைவு.

4

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. ஆரபி தன் பாடப்புத்தகத்தையும் சூத்திரத் தாளையும் என் முன்னால் வைத்தாள். சுகந்தி கரட் வைத்தாள். நான் வழக்கம்போலத் தாளின் தலையில் சுழி போட்டுவிட்டுக் கேள்வியைப் பார்த்தேன்.

நான் பதின்மூன்று வருடமாக இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன். இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் ஈர இலை படிந்தால் பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஒரு பொத்தானை அமர்த்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும், வண்டி பிடித்துக்கொள்ளும். ஆகவே உராய்வு பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். முதல் கேள்வியே உராய்வு. ஆனால் கணி என்று கேட்கவில்லை. ஒருத்தி ஸ்கீயில் மலைச்சரிவில் இறங்குகிறாள், கணித்து வந்த வேகத்துக்கும் அளந்து பார்த்த வேகத்துக்கும் வேறுபாடு இருக்கிறது, ஏன், விளக்கு என்றது.

ஏனா? எங்களை யாரும் ஏன் என்று கேட்டதே இல்லை. எங்கள் பேப்பரில் எல்லா மேசையும் வழுவழுப்பு, எல்லா நூலும் பாரமற்றது, எல்லாக் கப்பியும் உராய்வில்லாதது. அந்த உலகத்தில் கணித்ததும் அளந்ததும் சண்டை பிடிப்பதில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். புத்தகத்தில் எல்லாம் இருந்தது, விடையைத் தவிர. ஒரு மணித்தியாலம் போனது. ஒரு கரட் சாப்பிட்டேன். அந்த மண்டபத்தில் பிள்ளைகள் ஏன் கரட் கடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஏழாவது கேள்விக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மின்கலம், மூன்று மின்குமிழ்கள். முதல் குமிழுக்குப் பின்னால் மற்ற இரண்டும் பக்கம் பக்கமாக. கடைசிக் குமிழுக்கு மட்டும் ஒரு ஆளி. "ஆளியைப் போட்டுக் கடைசிக் குமிழையும் எரியவிட்டால், பக்கத்துக் குமிழின் வெளிச்சம் மாறாது என்று ஒரு மாணவர் கூறுகிறார். இக்கூற்றை மதிப்பிடுக."

அந்த மாணவர் வேறு யாருமில்லை. நான்தான்.

எழுதினேன். நிறுத்தாமல் எழுதினேன்.

5

பின்னேரம் ஆரபி சிவப்புப் பேனாவுடன் திருத்த உட்கார்ந்தாள். பாடசாலை கொடுத்த சரியான விடைகளின் தாள் அவளிடம் இருந்தது. நான் பாத்திரம் கழுவுவதுபோல நின்றேன்.

முதல் தாளிலேயே பேனா நின்றது. பிள்ளையார் சுழியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இது என்ன கணியம் அப்பா? அலகு போடேல்லை. எங்கட மிஸ் எண்டா அரைப்புள்ளி வெட்டுவா."

சுகந்தி விளக்கம் சொல்லப் போனாள். நான் தடுத்தேன். "இதே கேள்வியை என்னட்ட முதலே ஒருத்தர் கேட்டவர்," என்றேன். பிறகு, இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லாத கதையைச் சொல்லவேண்டி வந்தது.

இரண்டாந் தடவைக்கு ஒரு மாதம் இருந்தது. வெள்ளவத்தையில் ரியூசன் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காலி வீதியில் சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை கொடுத்தேன், பொலிஸ் பதிவுத் துண்டு கொடுத்தேன். பிறகு பையைத் திறந்தார்கள். உள்ளே என் பௌதிகக் கொப்பி. பக்கம் பக்கமாக மின்கலம், வயர், ஆளி, மின்சுற்று. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே மாதிரி ஒரு அடையாளம். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் பையில் வைத்திருக்கக்கூடாத ஒரு கொப்பியை வரை என்று பேப்பரில் கேட்டிருந்தால், எனக்கு முழுப்புள்ளி கிடைத்திருக்கும்.

என்னை மட்டும் நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். ஒரு கோப்ரல் வந்தார். என்னைவிட நாலு வயது கூட இருக்கலாம். பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். பிறகு சுழியைத் தொட்டுக் காட்டினார்.

"மேக்க மொக்கத மல்லி?"

இது என்ன தம்பி என்று கேட்கிறார். எனக்குப் பயத்தில் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம்தான் வந்தது. "கணதெய்யோ, சேர்," என்றேன். பிள்ளையாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். படிப்புக்கு அவர்களும் அவரைத்தான் கும்பிடுவார்கள். "பௌதிக, சேர். ஏ லெவல்."

கோப்ரல் கொப்பியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெயர் எழுதப்போகிறார், முடிந்தது என்று நினைத்தேன். அவர் மூன்று மின்குமிழ்ப் படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்த விடையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். வெளிச்சம் மாறாது என்று எழுதியிருக்கிறேன் என்றேன். மண் மூடைக்கு மேலே கொப்பியை வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். குமிழ் மங்கும், மாறாது என்பது பிழை. என் விடையைக் குறுக்கே வெட்டிவிட்டுச் சரியானதைச் சிங்களத்தில் எழுதினார். ஒரே பேப்பர்தான், அவர்களுக்குச் சிங்களத்தில், எங்களுக்குத் தமிழில். மின்குமிழ் இரண்டு மொழியிலும் மங்கத்தான் செய்யும்.

"கணதெய்யோவுக்குப் பௌதிகம் தெரியாது, மல்லி," என்று சிங்களத்தில் சொன்னார். "எங்கட அம்மாவும் நேர்த்தி வைச்சவ."

எத்தனையாந் தடவை என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் மூன்று விரலைக் காட்டினார். காட்டிய அதே கையால் தன் சீருடையைத் தொட்டார். பிறகு, அவர்கள் எழுதிய பேப்பர் இதைவிட எவ்வளவோ கஷ்டம், இப்போதெல்லாம் நல்ல இலகு என்றார். நாலு வருடம்கூட ஆகியிருக்காது. கொப்பியைத் தந்து போகச் சொன்னார். கொள்ளுப்பிட்டி வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் திருத்தித் தந்த கேள்வி அந்த வருடம் வரவில்லை. அது ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது. என்னைப்போலவே கொஞ்சம் தாமதமாக.

6

ஆரபி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பிறகு பாஸ் பண்ணினீங்களா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். உதவிக்கு வரும் பார்வை இல்லை அது.

"முதலாந் தடவை எஃப்," என்றேன். "இரண்டாந் தடவையும் எஃப். மூன்றாந் தடவைக்கு விண்ணப்பம் போட்டனான். அதுக்குள்ள ஏஜென்சிக்காரன் விமானத்தில ஏத்திவிட்டிட்டான். சோதனை அனுமதி அட்டை நான் இஞ்ச வந்தாப் பிறகுதான் வீட்டுக்குப் போனது. அப்பா கடிதத்தில எழுதினவர், பத்திரமா வைச்சிருக்கிறன் எண்டு."

எதற்குப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் எழுதவில்லை. அந்த மண்டபத்தில் என் சுட்டெண் ஒட்டிய மேசை சோதனை முடியுமட்டும் சும்மா கிடந்திருக்கும். பக்கத்தில் இன்னும் சில மேசைகளும் சும்மாதான் கிடந்திருக்கும்.

ஆரபி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஏன் எனக்குப் பேப்பர் ஈசி எண்டு சொன்னீங்கள்?"

இதற்கு ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. "உன்ர பேப்பரைப் பார்க்காமத்தான் சொன்னனான்," என்றேன். "பார்த்திருந்தா வாய் திறந்திருக்கமாட்டன். புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு தெரியாம இருக்கிறது, மூடி வைச்சுக்கொண்டு தெரியாம இருக்கிறதைவிடக் கஷ்டம்."

அவள் மறுபடி பேனாவைத் திறந்தாள். மிச்சத்தைத் திருத்தினாள். ஸ்கீக்காரிக்குப் பூச்சியம். ஏழாவது கேள்விக்கு முழுப்புள்ளி. அதற்குப் பக்கத்தில் எதையோ எழுதப்போய் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, முதல் தாளின் மூலையில் பெரிதாக ஒரு இலக்கம் போட்டு என் பக்கம் திருப்பினாள்.

இரண்டு.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சமம் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யாரும் பேசி வைக்கவில்லை.

"மூன்றாந் தடவையில பாஸ்," என்றாள் சுகந்தி. "உங்கட அப்பா இருந்திருந்தா பாற்சோறு பொங்கியிருப்பார்." பிறகு எஞ்சிய கரட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆரபி தாள்களை அடுக்கினாள். அறைக்குப் போகும் வழியில் வாசலில் நின்றாள். "உங்களுக்கு மூன்று தடவை தந்தவங்கள், என்ன?"

"ஓம்."

"நான் ஒண்டுதான் எழுதியிருக்கிறன்," என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. கதவு சாத்தப்பட்டது.

7

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் ட்ராமில் இருந்தேன். மத்திய நிலையத்தை நெருங்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன். பாடசாலைக்குத் தொலைபேசி எடுக்க முடியாது. எனக்கு அந்த உரிமை இல்லை, கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவளிடம் கேட்கலாம். ஆனால் படிவத்தை அனுப்பினாயா என்று கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்க நான் யார்? இரண்டு எஃப் எடுத்தவன். பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுகந்திக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் இரகசியம் காப்பதில் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைத்தான் இவ்வளவு தூரம் சொல்லிவந்தேன்.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் தேநீர் ஊற்றிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். மேசையில் ஆரபியின் தாள் ஒன்று கிடந்தது. பென்சிலால் எழுதியது. பாதியில் நின்ற ஒரு கணக்கு. மலைச்சரிவு ஒன்று, அதில் இறங்குகிற ஒரு குச்சி உருவம், பக்கத்தில் அம்புக்குறிகள்.

தாளின் தலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. பழக்கமில்லாத கை. வால் மறுபக்கமாக வளைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், நோர்வேஜியன் மொழியில் எழுதியிருந்தாள்:

(அலகு இல்லை.)